தாதரில் பேசியவர் போரிவலியில் வரவில்லை

கேள்வி: எனக்கு 30 வயது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் கொள்முதல் பார்க்கிறேன். ஜரிகை விஷயமாகப் போன ஜூலையில் சூரத் போக வேண்டியிருந்தது. நவஜீவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கவில்லை. அதனால் மும்பை ரயிலில் போய் தாதரில் இறங்கி, லோக்கலில் போரிவலி போய், அங்கே இரவு சூரத் ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம். தாதரில் இறங்கியபோது பேய்மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல்கள் நின்றுவிட்டன. நான் அம்மாவிடம் போனில் புலம்புவதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற ஒருவர் பாதி மும்பைத் தமிழில் பேசினார். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம், அவர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். இப்போது அந்தேரியில் இருக்கிறார், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. ஐந்து மணி நேரம் பேசினோம். அப்பா இறந்தது, எம்.காம். பாதியில் நின்றது, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். இத்தனை நாள் பழகியவர்களிடம் வராத பேச்சு அவரிடம் எப்படி வந்தது? எங்கள் கடைப் பெயரைச் சொன்னதும், "பட்டுப் புடவைக் கடையில இருந்துகிட்டு காட்டன் சுடிதாரா?" என்று சிரித்தார். அவர் தாராவித் தொண்ணூறடிச் சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கல் வைப்பதைப் பற்றிச் சொன்னார்.

இரவு ஏழு மணிக்கு மேல் ரயில் ஓடத் தொடங்கியது. வந்தது ஒரு விரார் ஃபாஸ்ட் லோக்கல். "போரிவலி வரைக்கும் வந்து ரயில் ஏத்திவிட்டுப் போறேன்" என்றார். நான் பெண்கள் பெட்டிக்கு ஓடினேன், அவர் பொதுப் பெட்டிப் பக்கம் போனார். அங்கே பார்க்கத்தானே போகிறோம் என்று நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. போரிவலியில் முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் வரவில்லை. என் ரயில் வந்தது, ஏறிவிட்டேன். சில நாள் 'கண்டிப்பாகத் தேடியிருப்பார்' என்று தோன்றுகிறது, சில நாள் 'ஏமாற்றிவிட்டார்' என்று.

இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவரின் வரன் வந்திருக்கிறது. ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நல்லவராகத்தான் தெரிகிறார். தை பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் யாரைப் பார்த்தாலும் தாதர்தான் ஞாபகம் வருகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் தேடிவிட்டேன், அதே பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் கம்பெனிப் பெயர் இருந்தது, ஆனால் கூப்பிட பயம். கூட்டத்தைப் போட்டோ எடுத்தபோது அவர் முகமும் அதில் விழுந்திருக்கிறது. அதை இன்ஸ்டாவில் போட்டு 'இவரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்' என்று கேட்கலாம் என்கிறாள் தோழி. பொங்கலுக்கு தாராவி போய் நின்று பார்க்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. தேடலாமா, விட்டுவிடலாமா? ஓசூர்க்காரரிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நேரடியாகப் பதில்களைச் சொல்லிவிடுகிறேன். தேடுங்கள். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வழியில், முடிவுத் தேதி வைத்துக்கொண்டு. இன்ஸ்டாகிராம் வேண்டாம். தாராவியும் வேண்டாம். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் பல லட்சம் பேர் வாழும் இடம் அது. பொங்கலன்று நீங்கள் அங்கே போய் நின்றால் நிறையப் பானைகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான். தேடல் முடியும்வரை ஓசூருக்குச் சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள்.

பொதுவாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு 'மறந்துவிட்டு நடப்பதைப் பாருங்கள்' என்று எழுதுவதுதான் வழக்கம். உங்களுக்கு ஏன் அப்படி எழுதவில்லை என்பதற்குக் காரணம் போரிவலி.

மும்பையில் படித்த காலத்தில் அந்த ரயில்களில் போய்வந்தவன் என்பதால் இதைச் சொல்ல முடிகிறது. விரார் ஃபாஸ்டில் ஏறுவதற்கென்றே ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. விரார், நாலாசோப்பாரா, வசாய் என்று தூரம் போகிறவர்கள் தங்களுக்கான வண்டி என்று நினைக்கும் வண்டி அது. அந்தேரிக்கும் போரிவலிக்கும் போகிறவர் அதில் ஏறினாலே முறைப்பார்கள், சில நாள் திட்டும் விழும். இறங்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்டேஷன் முன்பிருந்தே வாசலை நோக்கி நகர வேண்டும், முன்னால் நிற்பவரிடம் 'போரிவலியா?' என்று கேட்டு அவருக்குப் பின்னால் வரிசை பிடிக்க வேண்டும். பிடிக்காதவர் உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவார். இது சாதாரண நாளின் நிலவரம். நீங்கள் ஏறியது ஐந்து மணி நேரம் ரயிலே ஓடாமல் இருந்து, பிறகு வந்த வண்டி.

பன்னிரண்டு பெட்டி வண்டி என்றாலே கால் கிலோமீட்டர் நீளம். எந்தப் பெட்டியில் ஏறினார் என்பது உங்களுக்குத் தெரியாது. போரிவலியில் இருப்பதும் ஒரே நடைமேடை கிடையாது. லோக்கல் ஒன்றில் நிற்கும், சூரத் பக்கம் போகும் வண்டி வேறொன்றில் நிற்கும், நடுவில் மேம்பாலங்கள். மனிதர் அடுத்த நிறுத்தம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகப்பட்டு, திரும்பிவரும் வண்டி பிடித்து, நீங்கள் நிற்காத நடைமேடையில் உங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம்.

உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு கதைகளுக்கும் இதே அளவு இடம் இருக்கிறது. தாதரில் அந்த நெரிசலில் அவரால் வண்டியிலேயே ஏற முடியாமல் போயிருக்கலாம். அல்லது, அந்தேரி வந்ததும் 'நாளைக்கு வேலைக்குப் போகணும், எதுக்கு இன்னும் அவ்வளவு தூரம்?' என்று நினைத்து இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரிய வில்லத்தனம் எதுவும் தேவையில்லை. ஈரச் சட்டையும் பசியும் போதும்.

மூன்று கதைக்கும் முடிவு ஒன்றுதான்: ஆள் இல்லாத போரிவலி. நீங்கள் பார்த்தது அதை மட்டும். மனசு நன்றாக இருக்கும் ராத்திரியில் முதல் கதையை எடுத்துக்கொள்கிறீர்கள், சோர்ந்திருக்கும் நாளில் மூன்றாவதை. ஐந்து மாதமாக இது ஓடிக்கொண்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஒரு நாள் அவர் 'கண்டிப்பாகத் தேடியிருப்பார்', இன்னொரு நாள் 'ஏமாற்றிவிட்டார்'.

இந்த ஊசலாட்டமே ஈர்ப்பைக் கூட்டும் என்பது சோதனையிலும் தெரிந்த விஷயம். 2011-ல் அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று பேர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகளிடம், வேறு கல்லூரி ஆண்கள் சிலர் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஒரு குழுவிடம், உங்களை மிகவும் பிடித்திருந்தவர்கள் இவர்கள் என்று காட்டினார்கள். இன்னொரு குழுவிடம், உங்களை ஓரளவுக்குப் பிடித்தவர்கள் இவர்கள் என்றார்கள். மூன்றாவது குழுவிடம், மிகவும் பிடித்ததா ஓரளவா என்று தெரியாது என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆண்களிடம் அதிக ஈர்ப்பு காட்டியது மூன்றாவது குழு. உறுதியாகப் பிடித்திருக்கிறது என்று கேட்டவர்களைவிடவும் அதிகம். அவர்களைப் பற்றி அதிகம் நினைத்துக்கொண்டிருந்தவர்களும் இந்தக் குழுவினர்தான்.

உங்களுக்கு அவர் மேல் இருப்பதில் எவ்வளவு அவருக்கு உரியது, எவ்வளவு அந்தக் காலி நடைமேடைக்கு உரியது என்று இங்கே உட்கார்ந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. போரிவலிக்கு ஒரு பதில் கிடைத்தால்தான் அது பிரியும். தேடச் சொல்வது அதற்காகத்தான், சேர்ந்து வாழ வாழ்த்துச் சொல்வதற்காக இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வருத்தங்களைப் பற்றி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச், மெட்வெக் என்ற இருவர் 1990-களில் செய்த ஆய்வுகள் எங்கள் உளவியல் துறையில் பிரபலம். செய்து கெட்டதற்காக மனிதர்கள் உடனடியாக அதிகம் வருந்துகிறார்கள். வருஷங்கள் போனபிறகு திரும்பிப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டதற்கான வருத்தமே மேலே நிற்கிறது. செய்த தவறுக்கு ஒரு முடிவாவது இருக்கிறது, அதோடு சமாதானம் ஆகிவிடுகிறோம். செய்யாததற்கு முடிவு இல்லாததால் கற்பனை வளர்ந்துகொண்டே போகும். 30 வயதில் அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம் 45 வயதில், கணவரோடு சின்னச் சண்டை வரும் நாளிலெல்லாம், ரொம்ப அழகாகத் தெரியும். பாவம், அந்தக் கணவருக்கு எதற்கு இந்தத் தொல்லை?

சரி, இனி அந்த ஐந்து மணி நேரத்தைப் பார்ப்போம்.

யாரிடமும் சொல்லாததை ஒரு அந்நியரிடம் சொன்னதுதான் உங்களை அதிகம் உலுக்கியிருக்கிறது. 'இத்தனை நாள் பழகியவர்களிடம் வராத பேச்சு அவரிடம் எப்படி வந்தது?' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்நியர் என்பதாலும்தான் வந்தது. 1975-ல் ஜிக் ரூபின் என்ற உளவியலாளர் பாஸ்டன் விமான நிலையத்தில், விமானத்துக்குக் காத்திருந்தவர்களிடம் ஒரு சோதனை செய்தார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து தன்னைப் பற்றி ஏதாவது எழுதிக் காட்டிவிட்டு, நீங்களும் உங்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்பார். வந்தவர் எழுதியது அந்தரங்கமானதாக இருந்தபோது, பதிலுக்குப் பயணிகள் எழுதியதும் அந்தரங்கமாக இருந்தது. இனிமேல் பார்க்கப் போவதில்லை என்பதே ஒரு பாதுகாப்பு. சொன்னது வீட்டுக்கு வராது, தெருவுக்கு வராது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் உங்களிடம் ஒருவர் பேச ஆரம்பித்தால் யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்பதெல்லாம் பேச்சுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், அல்லது சுற்றிவளைத்து விசாரிப்பார்கள். தாதரில் அந்தக் கேள்விகள் எழவே இல்லை. அப்பா போனபிறகு வீட்டைத் தாங்கும் பெண் என்ற பட்டம் இல்லாமல், மழையில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளாக மட்டும் அங்கே நின்றீர்கள். அந்தச் சுகம் பொய்யில்லை, அதைக் கொச்சைப்படுத்தவும் மாட்டேன். அவர் நல்ல மாதிரி கேட்டிருக்கிறார். பேசத் தெரிந்த ஆண்கள் நிறையப் பேர், ஐந்து மணி நேரம் கேட்கத் தெரிந்தவர் குறைவு.

ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். அவர் சிரித்தது, பொங்கல் பானை, பாதி மும்பைத் தமிழ் எல்லாம் இருக்கிறது. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்கத் தோன்றவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்பது உங்களுக்குத் தெரியும். கோபம் வந்தால் எப்படி இருப்பார், பணத்தை எப்படி வைத்துக்கொள்வார், குடிப்பாரா, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, எதுவும் தெரியாது. தெரியாத இடங்களையெல்லாம் இந்த ஐந்து மாதத்தில் நீங்களே உங்களுக்குப் பிடித்த மாதிரி நிரப்பியிருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். நிரப்பியது நீங்கள் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கடிதத்தின் நடுவில் இன்னொரு வரியும் இருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கடைப் பெயரை அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஊர் தெரியும், கடை தெரியும். கூகுளில் தட்டினால் நம்பர் வந்துவிடும். ஐந்து மாதமாக அந்தக் கடைக்கு மும்பையிலிருந்து உங்களைக் கேட்டு போன் வரவில்லை.

இதை மறைத்துவிட்டு ஆறுதல் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் தேட விரும்பவில்லை என்பதற்கான அறிகுறியாக இது இருக்கலாம். கடைப் பெயரையே மறந்திருக்கலாம். அல்லது தமிழ் வீட்டில் வளர்ந்த பையன், காஞ்சிபுரத்தில் ஒரு பெண் வேலை பார்க்கும் கடைக்கு முன்பின் தெரியாத ஆண் போன் பண்ணினால் அவள் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துத் தயங்கியிருக்கலாம். நீங்கள் அவர் கம்பெனிக்கு போன் பண்ணத் தயங்குவது மாதிரியேதான். இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தேடத் தொடங்குவதற்கு முன்னால், 'பதில் வராது' என்பதற்கும் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

எப்படித் தேடுவது? கடிதம் எழுதுங்கள். கையால், காகிதத்தில்.

சிரிக்காதீர்கள், யோசித்துத்தான் சொல்கிறேன். கம்பெனிக்கு போன் செய்தால் நடுவில் ஒரு ரிசப்ஷனிஸ்ட் இருப்பார், 'யார் பேசறீங்க, என்ன விஷயம்?' என்பார். நீங்கள் தடுமாறுவீர்கள், அன்று மதியத்துக்குள் அவர் அலுவலகம் முழுக்கச் செய்தியாகிவிடும். அவர் நம்பரைக் கேட்டு வாங்குவதும் சரியில்லை, கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஒட்டிய உறையில் அவர் பெயரும் கம்பெனியின் மும்பை அலுவலக முகவரியும் போட்டு, மேலே 'பெர்சனல்' என்று எழுதி அனுப்பினால் பெரும்பாலும் அது அவர் கைக்குத்தான் போகும். பிரிப்பதும் பதில் போடுவதும் அவர் இஷ்டம்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் இதோடு சேர்த்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும். 'தபால் தொலைந்திருக்குமோ' என்று நான்காவதாக ஒரு கதை உங்களுக்கு வேண்டாம். அனுப்புநர் முகவரியாகத் தோழியின் முகவரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உறை திரும்பிவந்தால் அது உங்கள் கடை மேஜையில் வந்து விழக் கூடாது. திரும்பிவந்தால் அதுவும் ஒரு தகவல்தான், வேலை மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தேடலை நிறுத்திவிட வேண்டும்.

உள்ளே என்ன எழுதுவது? அரைப் பக்கம் தாண்டாமல் இருக்கட்டும். மழை நாளில் தாதரில் பேசிக்கொண்டிருந்த காஞ்சிபுரத்துப் பெண் என்று அறிமுகம். போரிவலியில் காத்திருந்தேன், உங்களைப் பார்க்க முடியவில்லை, நன்றி சொல்லாமல் வந்தது மனதில் இருக்கிறது என்று ஒரு வரி. உங்களோடு மறுபடி பேச ஆசை, விருப்பமிருந்தால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள் என்று ஒரு வரி. எழுதாவிட்டாலும் வருத்தமில்லை, மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று கடைசி வரி. அந்தக் கடைசி வரியை எழுதினால் காப்பாற்ற வேண்டும். இதற்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள், போன் நம்பர் வேண்டாம். ஒருவேளை அவருக்கு மனைவி இருந்து, இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டாலும் யாருக்கும் தலைகுனிவு வராத மாதிரி இருக்க வேண்டும். 'உங்களை மறக்க முடியவில்லை' மாதிரி வரிகள் இப்போதைக்கு வேண்டாம்.

உறை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம். அதற்குள் பதில் இல்லையென்றால் பதில் இல்லை என்பதுதான் பதில்.

வந்தால்? கல்யாணமானவர் என்றால் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். ஆகாதவர் என்றால் சில வாரங்கள் போனில் பேசிப் பாருங்கள், மழையும் நின்றுபோன ரயிலும் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பேச்சு எப்படி இருக்கிறது என்று. நேரில் பார்ப்பதாக இருந்தால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், தோழிக்கு விவரம் சொல்லிவிட்டு.

இன்ஸ்டாகிராம் ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் தோழிக்கு நல்ல மனசு. 2007-ல் நியூயார்க்கில் ஒரு இளைஞர் சுரங்க ரயிலில் பார்த்த பெண்ணின் உருவத்தைப் படமாக வரைந்து, அதற்கென்றே ஒரு வலைத்தளம் தொடங்கித் தேடினார். சில நாட்களிலேயே அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் செய்தி, டி.வி. பேட்டி. கொஞ்ச காலம் பழகிப் பார்த்துவிட்டு இருவரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். அங்கே அந்தப் பெண் அதைச் சங்கடமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதிர்ஷ்டம். 2018 ஜூலையில் நடந்தது வேறு. அமெரிக்காவில் ஒரு விமானத்தில் முன் இருக்கைகளில் இருவர் சிநேகமாகப் பேசிக்கொண்டு வந்ததைப் பின்னால் இருந்த பயணி ஒருவர் போட்டோவோடு ட்விட்டரில் தொடர்கதை மாதிரிப் போட்டார். லட்சக்கணக்கானவர்கள் ரசித்தார்கள். அந்தப் பெண் யார் என்று தோண்டி எடுத்து, அவர் சமூக வலைத்தளக் கணக்குகளையே மூட வேண்டிய அளவுக்குத் துரத்தினார்கள். தனக்கு நேர்ந்த அவமானத்தை அவர் பிறகு வழக்கறிஞர் மூலமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் போட்டோவில் இருப்பவருக்கு அது எடுக்கப்பட்டதே தெரியாது. அது மட்டுமில்லை, 'மும்பை மழையில் அறிமுகமில்லாத ஆணோடு ஐந்து மணி நேரம்' என்று உங்களைப் பற்றியும் கீழே எழுதுவார்கள், அதைக் காஞ்சிபுரத்திலும் படிப்பார்கள். நன்றாகப் போயிருந்த ஒரு மதியத்தை எதற்கு அந்தக் கும்பலிடம் கொடுக்க வேண்டும்?

இதைப் படிக்கும் ஆண் வாசகர்கள் 'ஆஹா, நாமும் தேடலாம்' என்று கிளம்புவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்வதும், திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும், இணையத்தில் அவரைக் கண்காணிப்பதும் குற்றம். 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாக வந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. பயணத்தில் சிரித்துப் பேசிய பெண் நம்பர் தராமல் போனால், அநேகமாக அது மறதியாக இருக்காது. வாசகி விஷயத்தில் அவர் போரிவலிக்கு வருகிறேன் என்று தானே சொல்லியிருக்கிறார், அதனால்தான் ஒரு கடிதத்துக்கு இடம் இருக்கிறது. சட்டம் ஆண்களைப் பற்றிப் பேசினாலும் 'ஒரே கடிதம்' என்ற கணக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான், வாசகி.

அப்புறம் ஓசூர்க்காரர். இவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது மொத்தம் மூன்று வரி. அதைப் படித்து எனக்கு அவர் மேல் கொஞ்சம் அனுதாபம்கூட வந்தது. ஒருமுறை வீட்டுக்கு வந்திருக்கிறார். கூடம் நிறைய இரண்டு பக்கத்து உறவுக்காரர்கள் இருந்திருப்பார்கள், கேசரி பஜ்ஜி வந்திருக்கும், 'வேணும்னா தனியாப் பேசிட்டு வாங்க' என்று மாடிக்கு அனுப்பியிருப்பார்கள், கீழே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். அதில் மனிதர் என்ன பேசிவிட முடியும்? ஒருவருக்கு ஐந்து மணி நேரமும், கேட்க ஆள் இல்லாத நடைமேடையும். இன்னொருவருக்குப் பத்து நிமிஷமும், மாடிப்படியில் காது வைத்த சித்தியும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் தோற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது.

அதனால் ஓசூர்க்காரரோடு நீங்கள் நீளமாகப் பேசிப் பார்க்க வேண்டும். நேரில் ஒரு முழு மதியம், முடியாவிட்டால் போனில் பல இரவுகள். தாதரில் சொன்னதை அவரிடமும் சொல்லிப் பாருங்கள். மழையைப் பற்றி வேண்டாம், அப்பாவைப் பற்றி, நின்றுபோன எம்.காம். பற்றி. கேட்கிறாரா, பாதியில் 'கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடுவீங்கள்ல?' என்கிறாரா என்று பாருங்கள். பிடித்தால் அவருக்காகப் பிடிக்கட்டும். பிடிக்காவிட்டால் அவரிடம் பார்த்த ஏதோ ஒன்றால் பிடிக்காமல் போகட்டும். அவருக்குத் தெரியாத, அவர் போட்டியே போட முடியாத ஒரு ஸ்டேஷனால் வேண்டாம்.

அவரிடம் மும்பையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒருவரோடு பேசியது பாவமன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை, எனவே சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. எப்போதாவது, அவரோடு பழகி நம்பிக்கை வந்தபிறகு, மும்பை மழைக் கதையாகவே சொல்லலாம். ஆனால் கடிதம் போய் அந்த ஒரு மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிச்சயத்துக்குத் தலையாட்டக் கூடாது. அது மட்டும் அவருக்குச் செய்யும் அநியாயம். 'எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், இன்னும் பேச வேண்டும்' என்று அவரிடமே நேரடியாகச் சொல்லுங்கள். அதற்கே எரிச்சல்படுகிற ஆள் என்றால், அதுவும் இப்போதே தெரிந்துவிட்டது நல்லது.

உங்களுக்குக் கஷ்டம் அம்மாவைச் சமாளிப்பதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் மும்பை பற்றி எதுவும் பேச வேண்டாம். 'ஒரு நாளாவது அவரோடு உட்கார்ந்து பேசாமல் என்னால் பதில் சொல்ல முடியாதும்மா' என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. தை தள்ளிப்போனால் மாசியிலும் முகூர்த்தம் இருக்கிறது.